பல் டாக்டர் குடும்பம் சிரிக்கவில்லை

பல் டாக்டரும் மனைவியும், அவருடைய அப்பா, ஏழு வயது மகள், கைக்குழந்தை என்று ஐந்து பேரும் நீலத் திரைக்கு முன்னால் துக்கச் செய்திக்குக் காத்திருப்பவர்களைப் போல நின்றார்கள்.

"சார், கொஞ்சம் சிரிங்க," என்றார் போட்டோகிராபர்.

"சிரிச்சுட்டுதானே இருக்கேன்."

கிளினிக் சுவரில் மாட்டப்போகிற படம். ஒரு பல்லாவது தெரிய வேண்டாமா?

'பிடிச்சிருந்தா வருஷா வருஷம் வருவோம்' என்று டாக்டர் போனில் சொல்லியிருந்தார். இந்தக் குடும்பத்தையும் கோட்டைவிட்டால் ஸ்டுடியோவை மூடிவிட்டு மைத்துனரின் டைல்ஸ் கடைக்குப் போக வேண்டியதுதான். மைத்துனர் நாற்காலியே வாங்கி வைத்துவிட்டார்.

அதனால்தான் போட்டோகிராபரின் மனைவி காலையிலேயே கண்டிஷன் போட்டிருந்தாள். போட்டோகிராபருக்கு விழுவது கைவந்த கலை. மருந்துக்கடைக்காரம்மா குடும்பத்தை எடுத்தபோது ஸ்டூலோடு சாய்ந்தார். தையல்காரர் குடும்பத்தை எடுத்தபோது விளக்கைக் கட்டிப்பிடித்தபடி உருண்டார்.

"அவங்கள்லாம் உங்களைப் பாத்துப் பாவப்பட்டு மறுபடி வர்றாங்க. டாக்டர் வீடு அப்படியில்ல. மருந்துக்கடைக்காரம்மா சொல்லி அனுப்பின பெரிய இடம். இன்னிக்கு ஒருநாள் உங்க ரெண்டு காலும் தரையிலேயே இருக்கட்டும்!"

சொன்னதோடு நிற்காமல் வயர்களையெல்லாம் தரையோடு டேப் போட்டு ஒட்டினாள். ஆடும் ஸ்டூல் மாடிக்குப் போனது.

"எல்லாரும் கேமராவைப் பாருங்க!"

அவர்கள் ஏனோ அவர் காலையே பார்த்தார்கள். செருப்பு மாற்றிப் போட்டிருக்கிறோமோ என்று அவரும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"டாக்டர், ஒருத்தன் பல் வலின்னு போனானாம்..."

"மேல் பல்லா, கீழ்ப் பல்லா?"

ஜோக் அங்கேயே உயிரை விட்டது.

போட்டோகிராபரின் மனைவி ஆடு மாதிரி கத்திப் பார்த்தாள். குழந்தை வீறிட்டது.

"அவனை விடுங்கம்மா," என்றார் டாக்டர். "சிரிச்சாலும் அவனுக்கு இன்னும் பல் முளைக்கல."

குழந்தைக்குப் புழுக்கமாக இருக்குமென்று போட்டோகிராபர் மின்விசிறியைப் போட்டார். திரை உப்பிக்கொண்டு எழுந்து டாக்டரின் அப்பாவை மொத்தமாகப் போர்த்தியது.

அப்பாவைத் திரையிலிருந்து உரித்தெடுத்த டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "கிளம்பலாமா?"

"சார், ஒரே நிமிஷம்!"

கேமரா ரிமோட்டும் கையுமாக வழிமறிக்க ஓடினார் போட்டோகிராபர். மனைவி ஒட்டிய டேப் செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. டேப்போடு வயர், வயரோடு விளக்கு. ஒரு கணம் அவர் காற்றில், கூட்டைவிட்டு முதன்முதலாகப் பறக்கும் பறவைபோல மிதந்தார். பிறகு பூஜாடிகளுக்கு நடுவே குப்புற விழுந்தார். விழுந்த வேகத்தில் விரல் ரிமோட்டை அழுத்தியது.

க்ளிக்.

அறையே சிரிப்பில் அதிர்ந்தது. டாக்டரின் கடைவாய்ப் பற்கள்கூடத் தெரிந்தன. அப்பாவின் பல்செட் கழன்றுவிடப் பார்த்தது. போட்டோகிராபரின் மனைவி மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைத் தூக்கிவிட்டார். கேமராவில் படத்தைப் பார்த்தார். "பிரமாதம்! அடுத்த வருஷத்துக்கு இப்பவே தேதி எழுதிக்குங்க."

போட்டோகிராபரின் மனதில் அத்தனை நாளும் கிடந்த அந்த டைல்ஸ் கடை நாற்காலி, மெதுவாக எழுந்து ஜன்னல் வழியே போய்விட்டது.

டாக்டரின் மகள் அவர் சட்டையிலிருந்த பூவைத் தட்டிவிட்டாள்.

"அப்பாடா! எவ்வளவு நேரமாச்சு, அங்கிள்! மருந்துக்கடை அத்தை சொன்ன 'விழுற போட்டோகிராபர்' நீங்க இல்லையோன்னு நாங்க எல்லாரும் பயந்தே போயிட்டோம்!"