மூன்று எழுத்தும் ஒரு பங்களாவும்

1. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கலும்பாங் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் துரை பங்களாவின் ஏர்கோன் (ஏசி) வேலை செய்யவில்லை.
2. பத்தேகாலுக்கு நானும் குணா அண்ணனும் அங்கே போய்ச் சேர்ந்தோம்.
3. பத்தே முக்காலுக்கு அங்கே தண்ணீரும் வரவில்லை.
4. பதினொரு மணிக்கு, கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த விருந்தாளி முகம் நிறையச் சோப்போடு குளியலறைக் கதவை உள்ளேயிருந்து இடித்துக்கொண்டிருந்தார்.
5. முதலாவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் காரணம் நான்தான்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. தொழில்நுட்பக் கல்லூரியில் எலெக்ட்ரோனிக்ஸ் முடித்திருந்தேன். உலகத்தில் உள்ள எதையும் அகர வரிசையில் அடுக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பினேன். (வீட்டு மசாலா டப்பாக்களைக்கூட அடுக்கி வைத்தேன். அம்மா ஒரே நாளில் கலைத்துவிட்டார்.)

அண்ணன் எஸ்டேட் ஒர்க்ஷாப் வேலையை விட்டுவிட்டு அசாம் ஜாவாவில் தண்ணீர் பம்ப் ரிப்பேர் கடை போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. கை நல்ல கை. ஆனால் கடை இருப்பது யாருக்கும் தெரியாது. அவன் வேலையை விட்ட அன்று எஸ்டேட் மண்டோர் (கங்காணி) எல்லார் முன்னாலும் சொன்னார்: "பம்ப் கடையா? தீவளிக்குள்ள திரும்பி வந்துருவ லா. உன் ஸ்பேனர எடுத்து வச்சிருக்கேன்."

தீபாவளிக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. அண்ணன் தினமும் கடையைத் திறந்து, கூட்டி, உட்கார்ந்து, மூடிக்கொண்டிருந்தான்.

நான் களத்தில் இறங்கினேன். அஞ்சலகத்தில் சங்கிலியில் கட்டி வைத்திருப்பார்களே, தொலைபேசிப் புத்தகம், அதன் மஞ்சள் பக்கங்களைப் புரட்டும் ஆட்களை இரண்டு மதியம் நின்று கவனித்தேன். யாரும் கடைசிவரை படிப்பதில்லை. மேலே இருக்கும் இரண்டு மூன்று பெயர்களோடு விரல் நின்றுவிடுகிறது.

"அண்ணே, நம்ம பேரு மேல வரணும். 'குணா பம்ப்'னு போட்டா எங்கயோ நடுவுல போயிரும். இங்கிலீஷ் ஏ எழுத்துல தொடங்கணும்."

"என் பேரு குணாதானே கலா?"

"அத மாத்திரலாம்."

தண்ணீருக்கு மலாயில் ஆயேர். எழுதும்போது ஏ, ஐ, ஆர். எவ்வளவு அருமையான சொல்! முதல் எழுத்தே ஏ! அதற்கு முன்னால் இன்னும் இரண்டு ஏ சேர்த்தேன். ஏ.ஏ. ஆயேர் சர்விஸ். புத்தகத்துக்கு அனுப்பும் படிவத்தில் 'தொழில், ஒரே சொல்லில்' என்று ஆங்கிலத்தில் ஓர் இடம் இருந்தது. அங்கேயும் அந்த மூன்று எழுத்தையே எழுதினேன். ஆங்கிலப் படிவத்தில் அந்த மூன்று எழுத்தை யாரும் தண்ணீர் என்று படிக்கமாட்டார்கள், காற்று என்றுதான் படிப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று மொழி தெரிந்த திமிர்.

புதுப் புத்தகம் வந்தது. அண்ணன் பெயர் முதலாவதாக இருந்தது! விரலை வைத்து மூன்று தடவை பார்த்தேன். அதற்கு மேலே என்ன தலைப்பு போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் பார்க்கவில்லை.

கடையில் போன் கிடையாது. பக்கத்துக் கோப்பிக்கடைத் தவுக்கே (முதலாளி) எங்களுக்காகப் பேசி, சேதியைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். ஒரு வாரத்தில் அவர் கல்லாவிலிருந்தே கத்தினார்: "குணா! ஓராங் சாரி லு!"

உன்னை யாரோ தேடுகிறார்கள் என்று அர்த்தம். கடை போட்டதிலிருந்து அண்ணனை யாரும் தேடியதே இல்லை. சீட்டில் கலும்பாங் எஸ்டேட்டின் பெயர், துரை பங்களா, சனிக்கிழமை பத்து மணி. அதற்குக் கீழே அந்த மூன்று எழுத்து, பக்கத்தில் 'ரொசாக்'. ரொசாக் என்றால் கெட்டுவிட்டது.

"ஆயேர் ரொசாக்," என்று வாசித்தான் அண்ணன், கோயிலில் அர்ச்சனைச் சீட்டை வாசிப்பதுபோல. "துரை பங்களா, கலா!"

தெரிந்தவர் லோரியில் இரண்டு மணி நேரப் பயணம். அண்ணன் தீபாவளிச் சட்டையைப் போட்டிருந்தான். என் கையில் பதினான்கு படிகள் கொண்ட வேலைப் பட்டியல் இருந்தது.

பங்களாவின் பின்வாசலில் சமையல்கார அஞ்சலை அக்கா எங்களைப் பார்த்ததும், "ரிப்பேர் ஆளுங்களா? எவ்வளவு நேரமா காத்திருக்காங்க! வாங்க" என்றார்.

"பம்ப் எங்கக்கா இருக்கு?"

அவர் கையைக் காட்டிவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடிவிட்டார். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் காதை வைத்துக் கேட்டான்.

"சத்தம் சரியில்ல."

(இரண்டு மணி நேரம் லோரியில் வந்தவனுக்கு எந்தப் பம்ப்பின் சத்தமும் சரியாக இருக்காது.)

நான் பட்டியலைப் படித்தேன். ஒன்று, சுவிட்சை அடை. இரண்டு, வால்வை மூடு. மூன்று, தொட்டியை வடி. ஆறாவது படிக்குள் பம்ப் சாக்கின்மேல் பதினெட்டுத் துண்டாகக் கிடந்தது. அத்தனை அழகாக அடுக்கியிருந்தோம்.

அப்போதுதான் சோப்பு விருந்தாளி கதவை இடிக்கத் தொடங்கினார்.

"பம்ப்ப எவன் கழட்டினது?" என்று அஞ்சலை அக்கா கரண்டியோடு வந்தார். பின்னால் எஸ்டேட் ஆபீஸ் கணக்கரான கிராணி ஓடி வந்தார். "யாரக் கேட்டு பம்ப்புல கை வச்சீங்க?"

அண்ணன் சீட்டை நீட்டினான். "நீங்கதானே சார், ஆயேர் ரொசாக்னு..."

கிராணி சீட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார்.

"யோவ்! அது ஆயேர் இல்லய்யா! ஏர்! ஏர்கோன்! புத்தகத்துல நீங்கதானே போட்டிருக்கீங்க!" என்று என் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டிப் போனார்.

கூடத்தில் துரை வியர்வையில் நனைந்து நின்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னது எதையும் இங்கே எழுத முடியாது. அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் போன் மேசையைப் பார்த்தேன். மஞ்சள் பக்கம் திறந்திருந்தது. ஏர்கோன் என்ற தலைப்பு. அதன் கீழே முதலாவதாக எங்கள் பெயர். அதைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம்.

அந்த வட்டத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. இந்த வீட்டை நான் பார்த்ததே இல்லை. இந்த மனிதருக்கு அசாம் ஜாவா எங்கே என்றே தெரியாது. ஆனாலும் ஒரு நாள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, விரலால் தேடி, நான் எழுதிய மூன்று எழுத்தில் நின்று, பென்சிலை எடுத்திருக்கிறார். நாட்டில் உள்ள எல்லாப் போன் மேசையிலும் நாங்கள் இப்படித்தான் திறந்து கிடக்கிறோமா? எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முகத்தில் சிரிப்பும் வந்துவிட்டது போலிருக்கிறது.

"சிரிக்கிறா பாரு!" என்றார் கிராணி.

அண்ணன் பம்ப்பை மறுபடி மாட்ட நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை ஆளாளுக்கு வந்து திட்டினார்கள். அப்போதுதான் ஒன்று காதில் விழுந்தது. அஞ்சலை அக்கா, கிராணி, தோட்டக்காரர், ஏன், குளியலறைக்குள் இருந்த விருந்தாளிகூட, எல்லாரும் 'பம்ப்' என்றே கத்தினார்கள். ஒருவர்கூட 'ஆயேர்' என்று சொல்லவில்லை. பட்டியலைத் திருப்பி, பின்பக்கம் கோடு போட்டு எண்ண ஆரம்பித்தேன். முப்பத்தொன்று வரை வந்தது. தண்ணீர் வந்ததும் கத்தல் நின்றுவிட்டது.

திரும்பும் வழியில், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் வந்ததும் அண்ணன் சொன்னான்:

"கலா, எங்கயோ இருக்கற ஒரு மனுசன் நம்மளத் தேடிக் கண்டுபிடிச்சிட்டான், பாத்தியா? மண்டோரு நாலு மைல் தள்ளி இருக்காரு. அவருக்கே என் கடை எங்கன்னு தெரியாது."

அவனுக்கும் கோபத்தைவிட வியப்புதான் பெரிதாக இருந்தது.

புத்தகத்தை ஒரு வருடத்துக்கு மாற்ற முடியாது. வெயில் ஏறும் நாளெல்லாம் ஏர்கோனுக்கு ஆட்கள் கூப்பிட்டார்கள். தவுக்கே மன்னிப்புக் கேட்டே களைத்துவிட்டார். நான் சின்ன அட்டைகள் எழுதினேன். தமிழிலும் மலாயிலும் ஒரே வரி: 'பம்ப் கெட்டுப்போச்சா? அசாம் ஜாவா குணா.' அந்த அட்டைகளைக் கடைத்தெருவில் ஒட்டவில்லை. எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய், கேட்டு, பம்ப் கொட்டகைகளுக்குள்ளேயே ஒட்டினேன். பம்ப் நின்றுபோனால் மனிதன் நிற்கும் இடம் அதுதானே.

ஆனால் முதலில் வந்த ஆள் அட்டையைப் பார்த்து வரவில்லை. கலும்பாங்குக்கு அடுத்த எஸ்டேட்டிலிருந்து ஒரு கிராணி வந்தார். அஞ்சலை அக்கா அந்த எஸ்டேட் பங்களாவின் சமையல்காரியிடம் சொல்லியிருக்கிறார்: "கிறுக்குப் பசங்கதான். ஆனா பதினெட்டுத் துண்டா கிடந்த பம்ப்ப நாப்பது நிமிசத்துல மாட்டி ஓட விட்டான். முன்னவிட சத்தமே இல்ல."

இப்போது நான் ராவாங்கில் ஒரு தொழிற்சாலையின் உதிரிபாகக் கிடங்கில் வேலை செய்கிறேன். கடை வைத்திருப்பவர்கள் யோசனை கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். நீங்கள் உங்களை என்னவென்று அழைக்கிறீர்கள் என்பதை விடுங்கள். சாமான் கெட்ட நேரத்தில் அவர்கள் வாயில் என்ன சொல் வருகிறது என்று போய்க் கேளுங்கள். அதையே எழுதுங்கள், ஒரு தடவை எழுதினால் போதும். முதலாவதாக வர ஆசைப்பட்டு, இல்லாத தொழிலின் கீழே போய் நிற்காதீர்கள். தேடி வருபவர் குளித்துக்கொண்டிருக்கலாம்.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தவர், குடிக்கத் தண்ணீர் கேட்டார். அண்ணன் ஒரு கையில் டம்ளரும் மறுகையில் மேசை விசிறியுமாக வந்து நின்றான். "ஏரா, ஆயேரா? சரியா சொல்லிருங்க மாப்ள. என் தங்கச்சிகிட்ட மட்டும் எழுதிக் குடுத்துறாதீங்க."

கடை அசாம் ஜாவாவிலேயே இருக்கிறது, 'குணா பம்ப்' என்ற பெயரில். புதிய புத்தகத்தில் பம்ப் தலைப்பின் கீழே ஆறாவது இடம். கலும்பாங் பங்களா பம்ப்பை அண்ணன்தான் பார்க்கிறான். ஸ்பேனர் இன்னும் மண்டோரிடம் இருக்கிறது.