பதில் வராத மணி

ஓடும் லைனில் எந்தக் கருவியையும் இணைப்பைத் துண்டிக்காமல் சோதிக்கக் கூடாது. அப்படிச் சோதித்தே ஆக வேண்டுமானால் எழுத்து மூலம் அனுமதி கேட்டு, பதில் வந்த பிறகே கருவியில் கை வைக்க வேண்டும். இது விதி. ரயில்வே தேர்வில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். விதியை மீறுவதற்கு அதை அறியாமல் இருக்க வேண்டும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

1944 ஐப்பசி. அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஸ்டேஷனில் நான் உதவி ஸ்டேஷன் மாஸ்டர். (பெயர் வேண்டாம், அந்த ஸ்டேஷன் இன்னும் இருக்கிறது, பாவம்.) வேலை நிரந்தரமாகவில்லை. நிரந்தரமானால்தான் பெண் என்று குன்னத்திலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் எப்படி உத்தியோகம் பார்க்கிறேன் என்று நேரில் காணப் பெண்ணின் தகப்பனார் அன்று பதினொரு மணி பாசஞ்சரில் வருவதாக இருந்தது.

அடுத்த ஸ்டேஷனுடன் நாங்கள் பேசுவது மணியால். இத்தனை அடி அடித்தால் 'வண்டி அனுப்பலாமா?', இத்தனை அடித்தால் 'வண்டி புறப்பட்டது'. எல்லாவற்றுக்கும் புத்தகத்தில் கணக்கு உண்டு. மணியைக் காதில் வாங்கியவர் அதே எண்ணிக்கையைத் திருப்பி அடிக்க வேண்டும். எங்கள் மணிக்கு ஒரு நோய்: நடுநடுவே ஓர் அடியை விழுங்கிவிடும். மெக்கானிக் கழற்றி மேசை மேல் வைத்துத் தட்டினால் பிழையே இல்லாமல் அடிக்கும். லைனில் மாட்டினால் மறுபடி விழுங்கும்.

ஆகவே ஓடும்போதே சோதித்தால்தான் நோய் தெரியும் என்று என் இருபத்திரண்டு வயது மூளை கண்டுபிடித்தது. (கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் பேரன், ஓடுகிற புரோகிராமை நடுவில் நிறுத்தி, "இதோட மதிப்பு இப்ப என்ன?" என்று கேட்பானாம். கேட்பதே சில சமயம் புரோகிராமை மாற்றிவிடுமாம். "தாத்தா, அது உங்க மணியேதான்" என்கிறான். என் பாவத்துக்கு வாரிசு இருக்கிறது.)

அனுமதி கேட்டு மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன். காலை கூட்ஸ் வண்டியின் கார்டிடம் கொடுத்தேன். விதியில் பாதியை நிறைவேற்றியாயிற்று. மாமனார் வருவதற்குள் மணியைக் குணப்படுத்திவிட்டால் எவ்வளவு கம்பீரம்! அடுத்த ஸ்டேஷனில் நல்லதம்பி சார் டியூட்டியில் இருந்தார். போனில் கூப்பிட்டேன்.

"சும்மா சோதனைங்க. புத்தகத்துல உள்ளதை வரிசையா அடிக்கிறேன். நீங்க திருப்பி மட்டும் அடிங்க."

"அடி தம்பி, அடி. எனக்கும் பொழுது போவணும்ல."

முதல் குறியீடு, சரி. இரண்டாவது, சரி. நாலாவதில் மணி ஓர் அடியை விழுங்கியது! பிடிபட்டாயா! புத்தகத்தில் பென்சிலால் குறித்தேன். போர்ட்டர் முத்துக்கண்ணு வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"சார், பாசஞ்சர் அடுத்த ஸ்டேஷன்ல வந்து நிக்கிற நேரமாச்சு. போதும், வுட்ருங்க."

"இன்னும் ஒண்ணுதான், முத்துக்கண்ணு!"

கடைசி வரி மிச்சமிருந்தது. 'பெட்டிகள் பிய்த்துக்கொண்டு உங்கள் பக்கம் தானாக ஓடி வருகின்றன.' அடித்தேன். ஓர் அடிகூட விழுங்காமல், கோயில் மணிபோல் கணீரென்று போயிற்று. பதில் மட்டும் வரவில்லை.

இரண்டு நிமிடத்தில் போன் அலறியது. நல்லதம்பி சார் குரல் இல்லை. டியூட்டி மாறி, அவர் சாப்பிடப் போய்விட்டார். நான் வாயால் சொன்ன சோதனையை எந்தப் பதிவேட்டிலும் அவர் எழுதவில்லை. வந்தவர் புதியவர், என்னைவிட விதி தெரிந்தவர்.

"சார்! வண்டியக் காலி பண்ணிட்டேன்! ஜனமெல்லாம் பருத்திக் கொல்லைக்குள்ள எறங்கிடுச்சு! எத்தனை பெட்டி ஓடி வருது?"

"பெட்டியே இல்லீங்க. சோதனை."

மறுமுனையில் பதிவேட்டைப் புரட்டும் சத்தம்.

"சோதனைன்னு எழுத்துல இருக்குங்களா?"

"இல்லீங்க."

"அப்ப எனக்குப் பெட்டி வருதுன்னுதான் அர்த்தம். இல்லேன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. அதுவரைக்கும் வண்டி நவுராது."

இல்லாத பெட்டிகள் இல்லை என்று எழுதி, தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன் ஒருவர் கையில் கொடுத்து ஓடச் சொன்னேன். அவர் ஓடினார். நான் வேலையும் பெண்ணும் இல்லாத எதிர்காலத்தை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரயிலுக்கு முன்னால் வந்தது ஒரு பருத்தி வண்டி. அதிலிருந்து இறங்கியவருக்கு முழங்கால் வரை சரிகைக் கரை வேட்டி, அதற்குக் கீழே மழையில் ஊறிய கரிசல் சேறு. ஒரு கையில் குடை. மறு கையில் ஒற்றைச் செருப்பு. குன்னத்துக்காரர் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எந்தப் பய மணியடிச்சான்?"

முத்துக்கண்ணு எனக்கு முன் பாய்ந்தார். "மழை ஈரத்துல மணி தானா அடிச்சுக்கிச்சுங்க."

அதைப் பிடித்துக்கொண்டு தப்பியிருக்கலாம். ஆனால் மேசை மேல் புத்தகம் திறந்து கிடந்தது. கடைசி வரிக்கு எதிரே என் பென்சில் குறி.

"நான்தாங்க அடிச்சேன்."

"மாப்ளைப் பையன்னாங்களே, அது?"

"அதுவும் நான்தாங்க."

செருப்பைக் கீழே போட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என் மூத்த மருமவன் மாட்டைக் கெணத்துல எறக்கிட்டு, இன்னி வரைக்கும் மாடுதான் குதிச்சிச்சுங்கறான். நீ ஒத்துக்கிட்டே. வேலை நெலைக்குதோ இல்லியோ, தை மாசம் வெச்சுக்குவம். ஆனா ஒண்ணு. என் பொண்ணு இருக்கிற வூட்ல மணியே கூடாது."

விசாரணை நடந்தது. நிரந்தரம் ஓராண்டு தள்ளிப்போனது, கல்யாணம் தள்ளிப்போகவில்லை. எங்கள் வீட்டுப் பூஜைக்கு இன்றும் மணி கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் ரேடியோவையோ மோட்டாரையோ நான் தொடப் போனால் போதும், என் மனைவி அடுப்படியிலிருந்தே கேட்பாள்: "பதில் வந்துருச்சா?" இப்போது பேரன் பேத்திகளும் கேட்கிறார்கள்.

வந்தது. விசாரணைக் கட்டோடு மேசை மேசையாக ஏறி இறங்கிய என் கடிதத்துக்கு, அந்த மணியையே பழைய இரும்பாகக் கழித்துக் கட்டிய பிறகு, பாசஞ்சர் கார்டு கையில் ஒரு பதில் வந்தது. 'தாங்கள் கோரிய சோதனைக்கு ஆட்சேபணை இல்லை. இப்பதிலைக் கண்ட பிறகே தொடங்கவும்.' வந்த நாள்: 1949, எங்கள் மூத்த மகளுக்குக் காது குத்திய மாட்டுப் பொங்கல்.