சாயம் போகாத கம்பளம்

வாய் திறக்காத ஆட்கள் கோபப்பட்டால் மிகவும் ஆபத்து. அடிக்கடி சண்டை போடுகிறவர்களுக்கு எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று ஒரு பழக்கம் இருக்கும். எங்களுக்கு அது கிடையாது. இறக்கத்தில் பிரேக் விட்டுப்போன லொறி மாதிரி போய்க்கொண்டே இருப்போம்.

நான் கடையில் சண்டை போட்டது என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அதற்கு முன்பு ஒரு கூழ்முட்டையைக்கூடத் திருப்பிக் கொடுத்ததில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனாலும் சத்தம் போட வெட்கப்பட்டு, அடுத்த ஹோல்ட்டில் யாராவது இறங்கும்போது கூடவே இறங்கி நடந்து வருகிறவள் நான். (யாரும் இறங்காவிட்டால் அதற்கும் அடுத்த ஹோல்ட்.)

எங்கள் வீடு மாத்தளையில், யட்டவத்த போகும் ரோட்டில் இருக்கிறது. மகள் நிரோஷாவுக்கு சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் வேலை. அங்கே வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்துப் பார்த்து, நம் வீட்டு முன் அறையையும் அவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று அவளுக்கு ஆசை வந்தது. கட்டில் வாங்கினாள். கொசு கடிக்காமல் நுளம்பு வலை கட்டினாள். தரைக்கு மட்டும் ஒரு கம்பளம் பாக்கி.

"புதுசு வேணாம்மா. மெஷின்ல செஞ்சதும் வேணாம். பழசா, கையால நெய்ததா வேணும். நீங்கதான் பார்த்து எடுக்கணும்" என்றாள்.

வீட்டில் உட்கார்ந்து சட்டை தைக்கிறவள் என்பதால் எனக்குத் துணி தெரியும், துணி தெரிந்தால் கம்பளமும் தெரியும் என்பது அவள் கணக்கு. போதாததற்குப் பழைய கம்பளம் பார்த்து வாங்குவது எப்படி என்று போனில் வீடியோக்களும் அனுப்பினாள். நான் அவற்றைப் பரீட்சைக்குப் படிப்பது போலப் பார்த்தேன். (பரீட்சைக்கு அப்படிப் படித்ததில்லை. பெறுபேறும் அப்படித்தான் வந்தது.)

கடை கரீம் நானாவுடையது. தம்புள்ளை ரோட்டில், பழைய சாமான் விற்கும் பெரிய கடை. சுற்றுலா வேன்கள் எல்லாம் அங்கே நிற்கும். தங்க இடம் கேட்கிறவர்களுக்கு அவர்தான் வீடு சொல்லி அனுப்புவார். நிரோஷாவின் முதல் விருந்தாளிகளையும் அவர்தான் பேசி வைத்திருந்தார். சனிக்கிழமை மாலை வருகிறார்கள். "அவரோட மட்டும் மனஸ்தாபம் வந்துறக் கூடாதும்மா. அவர் கைய விட்டுட்டா நம்ம ரூமுக்கு ஒரு ஈ கூட வராது" என்று மகள் என்னிடம் சொல்லியிருந்தாள். என்னிடம் போய் அப்படிச் சொல்கிறாளே என்று அப்போது சிரிப்புத்தான் வந்தது.

கடையில் மூன்று கம்பளங்களை விரித்துக் காட்டினார்கள். முதலாவது பளபளவென்று இருந்தது. திருப்பிப் பார்த்தால் பின்னால் துணி ஒட்டியிருந்தது. ஓரத்துக் குஞ்சம் தனியாகத் தைத்தது. அந்த மெஷின் தையல் எனக்குத் தெரியாதா? இரண்டாவது கையால் நெய்ததுதான். ஆனால் பூச்சி அரித்து, ஈர மணம் அடித்தது. மூன்றாவது கருஞ்சிவப்பு, ஓரத்தில் நீலப் பூக்கள். எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டத்துரை பங்களாவில் இருந்து வந்ததாம். மூலையில் கணப்படுப்பின் தீப்பொறி விழுந்த சின்ன ஓட்டையை நானாவே முதலில் காட்டினார். பின்பக்கம் திருப்பினேன். ஒவ்வொரு முடிச்சும் தெரிந்தது, பூவும் முன்பக்கம் போலவே தெளிவாக இருந்தது. குஞ்சம் தைத்ததல்ல, நெய்த நூலே வெளியே நீண்டிருந்தது. ஒரு வரிசையில் ஒரு பூ மட்டும் மற்றவற்றைவிடச் சிறியது. நெய்தவர் அந்த நேரம் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டிருந்திருக்க வேண்டும். எனக்கு அது பிடித்துப் போய்விட்டது.

கடைசிப் பரீட்சை சாயம். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்க வேண்டும், நிறம் ஒட்டினால் கூடாது. நான் கணவரின் கைக்குட்டையை, ஒரு வெள்ளை லேஞ்சியை, நனைத்துக் கொண்டுபோயிருந்தேன். முகம் துடைப்பது போல எடுத்து, கீழே விழுந்ததைப் பொறுக்குவது போலக் குனிந்து, திருட்டுத்தனமாக ஒரு தேய்ப்புத் தேய்த்தேன்.

"நல்லா அழுத்தித் தேய்ச்சிப் பாருங்க தங்கச்சி. வெக்கப்படாதீங்க" என்றார் கரீம் நானா பின்னாலிருந்து.

லேஞ்சி வெள்ளையாகவே இருந்தது. என் முகம்தான் சிவந்தது. வீட்டில் போட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொண்டுவரலாம் என்று சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை விடிந்தது. கம்பளத்தைச் சுருட்டி வைத்துவிட்டுத் தரைக்கு பொலிஷ் போட்டேன். எங்கள் வீட்டுத் தரை பழைய சிவப்பு சீமெந்து. சிவப்பு பொலிஷ் பூசி, தேங்காய் மட்டையைக் காலுக்கடியில் வைத்து வீடு முழுவதும் தேய்த்தால் முகம் பார்க்கலாம். தேய்த்து முடித்துக் கம்பளத்தை விரித்து, அதன்மேல் நடந்து நாலு மூலையையும் இழுத்துச் சரிசெய்தேன். அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் எனக்குப் பெருமை தாங்கவில்லை. த்ரீவீல் ஓட்டப் புறப்பட்ட கணவரை நிறுத்தி, நான் தேர்ந்தெடுத்த பொருளின் தரத்தைப் பாருங்கள் என்று இன்னொரு லேஞ்சியை நனைத்துக் கம்பளத்தைத் தேய்த்தேன்.

லேஞ்சி வெற்றிலை துப்பியது போல ஆகிவிட்டது.

இவர் லேஞ்சியை மட்டும் பார்த்தார். (அவருடைய நல்ல லேஞ்சி.)  காட்டியது ஒன்று, கட்டிக் கொடுத்தது வேறு ஒன்று. பொழுதுபட மகள் விருந்தாளிகளோடு வந்துவிடுவாள். அவர்கள் கால் பட்டதும் சாயம் ஒட்டும். அவள் முதன்முதலாகத் தொடங்கும் காரியம் என்னால் கெட்டுப்போகும். உடனே வண்டியில் ஏற்றுங்கள் என்றேன்.

கம்பளம் த்ரீவீலின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்க, அதற்கடியில் நான் மடங்கி உட்கார்ந்திருந்தேன். வழி முழுவதும் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். நான் வந்து பேசவா என்று ஒரு தடவை கேட்டார். இன்றைக்கு நானே பேசிக்கொள்கிறேன் என்றேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வசனத்தை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

கடையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கம்பளம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக வெண்ணெய் நிறத்தில் ஒரு பெரிய கம்பளம் விரித்திருந்தது. நான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு (கோபத்திலும் மரியாதை) உள்ளே போய், என் கம்பளத்தைத் தரையில் போட்டு உருட்டி விரித்தேன்.

"நானா, நீங்க காட்டுனது ஒன்னு, குடுத்தது ஒன்னு. நாங்க வசதியில்லாதவங்கதான். முட்டாளுங்க இல்ல."

அவர் எழுந்தே விட்டார். "என்ன தங்கச்சி சொல்றீங்க? அதே காபட்டத்தான் நான் தந்த."

நான் லேஞ்சியை எடுத்துத் தேய்த்துக் காட்டினேன். சிவப்பு. இந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் முன்பே சொன்னேனே, எங்களுக்கு நிறுத்தத் தெரியாது. நான் அந்தத் தம்பதியின் பக்கம் திரும்பி, என்னிடம் இருந்த ஆங்கிலம் முழுவதையும் செலவழித்தேன். "நோ பை. கலர் கோயிங். ஆல் கலர் கோயிங்." அதோடு விட்டேனா? எல்லாமே இப்படித்தான் என்று நிரூபிக்க, அந்த வெண்ணெய் நிறக் கம்பளத்தின் மேல் விறுவிறுவென்று நடந்து நடுவுக்குப் போய்க் குனிந்தேன்.

அந்த வெள்ளைக்கார அம்மா பதறிப்போய், "பிளட், பிளட்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். நான் நடந்து வந்த வழியெல்லாம் சிவப்புப் பாதங்கள். விரல்கூடத் தனித்தனியாகப் பதிந்திருந்தது. எனக்குப் புரியுமுன் அந்த அம்மா ஓடிவந்து என்னைக் கதிரையில் உட்காரவைத்து, முழங்காலிட்டு, என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, ஈரக் காகிதத்தால் துடைக்கத் தொடங்கிவிட்டார். காகிதம் சிவந்தது. காயத்தைக் காணவில்லை. அவர் விடாமல் மற்றக் காலையும் தூக்கித் தேடினார்.

கரீம் நானா என் உள்ளங்காலைப் பார்த்தார். என் கையிலிருந்த லேஞ்சியைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "தங்கச்சி, ஒங்கட ஊட்டுத் தரைக்கு என்ன பொலிஷ் போடுற?"

 என்னைக் காணோமே என்று தேடி வந்த இவர், வாசலில் நின்றபடியே எனக்காகப் பதில் சொன்னார்.

"சிவப்பு. இன்னைக்குக் காலையிலதான் போட்டா."

அங்கே கம்பளங்களைச் சுருட்டிக் கயிறு கட்டிச் சுவரோரமாக நிறுத்தியிருந்தார்கள். என்னையும் ஒன்றில் வைத்துச் சுருட்டி நிறுத்திவிட மாட்டார்களா என்று இருந்தது. முப்பது வருடமாக என் கையாலும் காலாலும் போடுகிற பொலிஷ். பிள்ளைகளின் வெள்ளைச் சொக்ஸிலிருந்து எத்தனை தடவை கசக்கி எடுத்திருப்பேன். அது அன்றைக்கு ஞாபகத்துக்கு வரவேயில்லை.

கரீம் நானா என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அவருடைய வியாபாரத்தை அவர் கடைக்குள்ளேயே வந்து கெடுத்தவள் நான். அவர் தம்பதியிடம் விஷயத்தை ஆங்கிலத்தில் விளக்கினார். அந்த அம்மா சிரித்தார், ஆனால் என் காலை விடவில்லை, மீதியையும் துடைத்து முடித்தார். கறையைத் துடைத்துத் தருகிறேன் என்று நான் அழுதபடி இறங்கப் போனபோது நானா அவசரமாகத் தடுத்தார்.

"நீங்க கதிரையிலேயே இரிங்க தங்கச்சி. எறங்கி இன்னும் நாலு அடி வெக்காதீங்க."

மகளுக்கு இது தெரியக் கூடாது, அவள் மேல் கோபப்படாதீர்கள் என்று கெஞ்சினேன். தன் வாயால் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தார். கம்பளத்தையும் அவரே சுருட்டிக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டார்.

அவர் வாக்குத் தவறவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. மாலையில் வாசலில் வேன் நின்றது. நிரோஷா தன் முதல் விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு சிரித்தபடி இறங்கினாள். பின்னால் இறங்கினார் என் காலைத் துடைத்த அம்மா.

அவர் படியில் சப்பாத்தைக் கழற்றினார். உள்ளே மின்னிய சிவப்புத் தரையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நாலு அடி நடந்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு தன் காலைத் தூக்கி எனக்குக் காட்டினார். செக்கச் செவேல் என்று இருந்தது.

"அம்மா, இவங்கள உங்களுக்கு முந்தியே தெரியுமா?" என்று நிரோஷா கேட்டாள். இவர் வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

இப்போது அந்த அறைக்கு ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நானாதான் அனுப்புகிறார். கம்பளமும் அங்கேதான் இருக்கிறது. யார் தேய்த்துப் பார்த்தாலும் சிவப்பு ஒட்டும், ஆனால் அது அதனுடைய சாயமல்ல. எங்கள் வீட்டில் யாராவது யார் மேலாவது குற்றம் சொல்லத் தொடங்கினால், மற்றவர்கள் வாதாடுவதில்லை. ஒரு காலைத் தூக்கிக் காட்டுவார்கள், அவ்வளவுதான்.

போன வாரம் வீட்டு இன்டர்நெட் வேலை செய்யவில்லை என்று நிரோஷா போனில் யாரையோ பிடித்துக் கிழித்துக்கொண்டிருந்தாள். நான் குசினி வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினேன். அவள் என்னை முறைத்தாள். போனைக் காதில் வைத்தபடியே அலுமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு குரலை மிகவும் தாழ்த்தி, "சொறி மிஸ், பிளக் கழண்டிருக்கு" என்றாள்.