நிப்பாட்டியண்ணனும் நசுங்காத எலுமிச்சம்பழமும்

உலகத்து மெக்கானிக்குகள் எல்லாரும் காடியை ஓடவைக்கப் பிறந்தவர்கள். நிற்கவைப்பதற்கென்றே முருகன் அனுப்பிய ஒரே ஆள் எங்கள் நிப்பாட்டியண்ணன். மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ரம்புத்தான் மரத்தடிதான் அவர் பட்டறை. என்ஜின் கோளாறு என்று போனால் முகம் கொடுத்துப் பேசமாட்டார். பிரேக் என்றால் சாப்பிட்ட கையோடு ஓடிவருவார்.

ஒரு பிடிவாதம் உண்டு. வேலை முடிந்ததும் சிவப்புக் கட்டம் போட்ட கைலியோடு காடிக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். சொந்தக்காரர் அவரைப் பார்த்து ஓட்டிவந்து நிறுத்திக் காட்ட வேண்டும். அதுவரை காடியைக் கொண்டுபோக விடமாட்டார்.

எழுபதுகளின் கடைசியில் என் தங்கச்சிக்குக் கல்யாணம். என்னிடம் இருந்ததோ என்னைவிட மூத்த இங்கிலீஷ் காடி. பொண்ணை அதில்தான் மேட்டுத் தோட்டத்திலிருந்து இறக்கி, ஈப்போ கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். கல்யாணத்தன்று காலையில் மிதிக்கிறேன், பெடல் தரைக்கே போகிறது! முகூர்த்தமோ நெருங்குகிறது. ஓடிப்போய் அண்ணனை இழுத்துவந்தேன்.

ஜாக்கி போட்டார். சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றி, உள்ளே இருந்த பிரேக் ஷூவை உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். திருகை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, லேசாக உரசுகிறதா என்று காதை வைத்தார். அந்த நேரம் பார்த்துத் தவில்காரர் தட்டினார்.

"கொஞ்சம் சும்மா இரு லா! ஷூ பேசுறது கேக்கல!"

மேளம் அடங்கியது.

அடுத்தது சோதனை. கல்யாணக் காடியாச்சே என்று அம்மா சக்கரம் வரும் வழியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பழத்துக்குப் பின்னால் அண்ணன் போய் நின்றார். "முருகா!" என்று கண்ணை மூடி மிதித்தேன். காடி வலதுபக்கம் இழுத்துக்கொண்டுபோய்ப் பந்தல் வாழைமரத்தைச் சாய்த்துவிட்டு நின்றது.

"அண்ணே, நான் நடந்தே போயிடவா?" என்றாள் மணப்பெண், வீட்டு ஜன்னல் வழியாக.

நிப்பாட்டியண்ணனோ துள்ளிக் குதித்தார். "வலது முழிச்சிருக்கு, இடது தூங்குது! ஜாக்கிய கொண்டா!"

இடதுபக்கம் கொஞ்சம் இறுக்கினார். மறுபடி போய் நின்றார். "சாமிய அப்புறம் கூப்பிடலாம், கண்ணத் தொறந்துகிட்டு மிதி லா!"

மிதித்தேன். நூல் பிடித்த மாதிரி நேராக வந்து, பழத்துக்கு ஒரு விரல் முன்னால் நின்றது காடி. எல்லாரும் கைதட்ட, அம்மா தலையில் கைவைத்தார்.

"ஐயோ, பழம் நசுங்கலையே! எம்பொண்ணு இதுல ஏறமாட்டா!"

"அக்கா, பழம் நசுங்குனா அடுத்தது நான்தான்!"

அம்மா மசியவில்லை. அண்ணன் மனசில்லாமல் விலகிக்கொண்டார். "நசுக்கு. நசுக்குன உடனே நிப்பாட்டு!"

நசுக்கினேன், நிறுத்தினேன். அப்புறம்தான் பொண்ணு ஏறினாள். கோலா கங்சார் ரோட்டில் ஒரு மாடு குறுக்கே வந்தபோதும் காடி சொன்ன பேச்சைக் கேட்டது. தாலி நேரத்துக்கு ஏறியது.

அண்ணன் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாச்சு. இன்றைக்கும் சிவப்பு விளக்கில் நான் ஒரு முழம் தள்ளியே நிறுத்துகிறேன். அங்கே கட்டம் போட்ட கைலியோடு அவர் நிற்கிறாரே, இடித்துவிடக் கூடாது.