இலத்திரன் சேர் சகன் வைத்த கதை

காத்தான்குடியில் இலத்திரன் சேரைப் போல ஒழுங்கான மனிதரும் இல்லை, ஒழுங்கை அவரைப் போலக் குழப்பியவரும் இல்லை. உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிப்பவர். அணுவுக்குள் கருவைச் சுற்றும் இலத்திரன்கள் எப்படி இருக்கின்றனவோ, மனிதர்களும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி; பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான்.

அவருடைய டியூசனில் எல்லா வாங்குப் பலகையிலும் ஒவ்வொருவர் இருந்த பிறகுதான் இரண்டாவது ஆள் இருக்கலாம். அப்போதும் ஒருவன் யன்னலையும் மற்றவன் சுவரையும் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் இரண்டு இலத்திரன் என்றால் எதிரெதிராகத்தான் சுழலுமாம். அப்படியென்றால் கரும்பலகையை யார் பார்ப்பது என்று கேட்ட என்னை வெளியே அனுப்பினார்.

போன வருடம் என் தங்கச்சியின் கலியாணத்தில் ஆட்களை இருத்தும் பொறுப்பை, புத்திகெட்டு, அவரிடம் கொடுத்தோம். எங்கள் விருந்தில் சகன் என்ற பெரிய தட்டை ஐந்தாறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுவோம். சேர் சகனுக்கு ஒருவராக இருத்திவிட்டார். ஆள் நிரம்பாமல் சோறு வைக்க மாட்டேன் என்று சமையல்காரர் ஒற்றைக்காலில் நின்றார். ஏறாவூரிலிருந்து வந்த சம்பந்தி, இதுதான் காத்தான்குடி வழக்கமாக்கும் என்று பொறுமையாகத் தனியே இருந்தார்.

வாப்பாவுக்கு வேறு கவலை. வயல் வரம்புச் சண்டையில் பேச்சை விட்டிருந்த சாச்சா, நிக்காஹ் முடிந்ததும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். கூடப்பிறந்த தம்பி சகனில் கை வைக்காமல் போனால் வாப்பா தாங்கமாட்டார். ஆனால் கூப்பிட நாக்கு எழவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சேர், சகனுக்கு இரண்டாவது ஆளை இருத்தும் சுற்றைத் தொடங்கினார். சாச்சாவை இழுத்து வந்து, ஒரு சகனில் தனியே இருந்த வாப்பாவுக்கு எதிரே இருத்தினார்.

"ரெண்டு பேரும் நேர் எதிர். இத விடப் பொருத்தம் எங்க இரிக்கி?"

தன் மகனைப் படிப்பித்துக் கம்பஸ் பட்டப்படிப்புக்கு அனுப்பிய சேரின் கையைச் சாச்சாவால் உதற முடியவில்லை. மற்றவர்கள் சண்டை வருமோ என்ற பயத்தில் அந்தச் சகன் பக்கமே போகவில்லை. சமையல்காரர் மனமிரங்கிச் சோற்றை வைத்தார். மூத்தவர்தான் இறைச்சியைப் பிய்த்துப் பங்கு வைக்க வேண்டும். வாப்பா பிய்த்து, பெரிய துண்டைத் தம்பி பக்கம் தள்ளினார். சாச்சா அண்ணனின் பங்கைப் பார்த்தார்.

"அந்தக் கொழுப்ப இங்கால தள்ளுங்க காக்கா. ஒங்களுக்குப் பிரஷர்தானே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சேரைத் தேடினார். எல்லாரையும் இருத்திய மனிதர் தான் மட்டும் சாப்பிடாமல் நின்றார். வாப்பா கூப்பிட்டதற்கு, ஓரிடத்தில் மூன்றாவது ஆள் கூடாது, விதி அது என்றார்.

"எங்கட சகன்ல எங்கட விதி சேர், இரிங்க" என்று சாச்சா அவரைப் பிடித்து நடுவில் இருத்தினார்.

சேர் உடனே சகனில் கை வைத்தார். பாவம், நல்ல பசி. அவரை அப்படியே கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.