நான் தள்ளிவிட்ட துண்டு

நன்றாகத் தெரிந்ததைச் சொல்லும்போது நாக்கு தடுமாறும். அரைகுறையாகத் தெரிந்ததென்றால் அருவிதான். எழுபதுகளின் கடைசியில், திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சி வேலைக்கான நேர்முகத் தேர்வில், நான் அருவியாகக் கொட்டினேன்.

வேலை கிடைக்காவிட்டால் கல்யாணம் என்று அப்பா சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. கரமனையிலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போன அண்ணா, "என்ன கேட்டாலும் சிரிச்ச மொகமா இரு, ராஜி" என்று சொல்லிவிட்டு, தேர்வறைக்கு வெளியே வராந்தாவில் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.

என் கணக்கு இதுதான்: ஒரு கொதிகலனை எந்த அழுத்தத்தில் ஓட்டினால் எரிபொருள் செலவு மிகக் குறையும்? செலவு, வெப்பநிலையைப் பொறுத்தது. வெப்பநிலையோ சமன்பாட்டின் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு, தனியாக வெளியே வரமாட்டேன் என்கிற ஆசாமி. ஊகித்துப் போட்டு, திருத்தித் திருத்தித்தான் பிடிக்க வேண்டும். (பொறுமை வேண்டும். எனக்குக் கிடையாது.) அழுத்தத்தின் வீச்சைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் சில இடங்களில் மட்டும் வெப்பநிலையைப் பிடித்து, கிடைத்த செலவுகளுக்கு அடியில் கரும்பலகையில் ஒரு கோடு இழுத்திருந்தேன்.

செலவு இந்தக் கோட்டுக்குக் கீழே போகவே போகாது என்று இங்கிலீஷில் முழங்கினேன். ஒரு துண்டில், வேறிடத்தில் நான் கண்ட மிகக் குறைந்த செலவைவிடக் கோடே உயரத்தில் இருந்தது. அங்கே தேடுவது வீண் என்று அதன்மேல் பெரிதாகக் குறுக்குக் கோடு போட்டேன்.

தேர்வுக் குழுத் தலைவர் பேனாவை மூடினார். "குட்டி, ஆ களஞ்ஞ பாகம் ஒண்ணு நோக்காமோ?" தள்ளிய துண்டை ஒருமுறை பார்க்கலாமா என்று மலையாளத்தில் கேட்கிறார். அதற்குள் ஒரு புள்ளியையும் அவரே காட்டினார்.

போட்டேன். திருத்தினேன். மறுபடி திருத்தினேன். விடை என் கோட்டுக்குக் கீழே போனது. அதோடு நிற்கவில்லை, நான் பெருமையாகச் சொன்ன மிகக் குறைந்த செலவுக்கும் கீழே போனது!

சாக்பீஸ் உடைந்தது. முகம் மட்டும் அண்ணா சொன்னபடி சிரித்துக்கொண்டே இருந்தது.

"எந்தினா சிரிக்குந்நே?" எதற்குச் சிரிப்பு என்று கேட்டார் தலைவர்.

"பேடிச்சிட்டா, சார்." பயத்தில்தான் என்று உண்மையைச் சொன்னேன்.

டஸ்டர் கண்ணில் படவில்லை. முந்தானையால் பலகையைத் துடைத்தேன். வெப்பநிலை எவ்வளவு என்று தெரியாவிட்டாலும், எந்த இரண்டு எல்லைக்குள் இருந்தே தீரும் என்று கணக்கிடலாம். அதே சமன்பாட்டைக் கொண்டு எல்லைகளை நெருக்கலாம். அவற்றை வைத்து இழுத்தால் கோடு தளர்ந்து இறங்கும். ஆனால் பொய் சொல்லாது. இழுத்தேன். இறங்கியது. இப்போது அந்தத் துண்டைத் தள்ள வழியில்லை.

தலைவர் மூடிய பேனாவைத் திறந்து எதையோ குறித்துக்கொண்டார். எனக்கு ஞாயிற்றுக்கிழமை பஜ்ஜி வாசனை அடிக்கத் தொடங்கிவிட்டது.

"திங்களாழ்ச முதல் வந்நோளூ."

திங்கட்கிழமையிலிருந்து வரலாமாம்!

"என்னடி இது, பொடவை பூரா வெள்ளை? வேலை கெடச்சுதா?" என்றாள் அம்மா, வாசலிலேயே. அண்ணா முந்திக்கொண்டான்: "கெடச்சுதும்மா. எங்க இல்லவே இல்லைன்னு இவ சத்தியம் பண்ணினாளோ, அங்கதான் விடை இருந்துது!" அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் என்று பிள்ளை வீட்டாருக்குச் சொல்லப் போனார்.

அன்றிலிருந்து வீட்டில் எது தொலைந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். போன மாதம் அண்ணாவின் வீட்டுச் சாவியைக் காணோம்.

"அலமாரில நன்னாப் பாத்தாச்சு. அங்க இல்லை" என்றேன்.

அண்ணா நேராக அலமாரிக்குப் போனான்.

(அங்கேதான் இருந்தது.)