சுகாதாரக் கொள்கைக்குச் சந்தனம் பூசிய கதை

மேனாம்பேடு,
ஞாயிற்றுக்கிழமை, கறிச்சோற்றுக்குப் பிறகு.

கோயம்புத்தூரில் பெரிய கம்பெனியில் சின்ன வேலையிலும், என் மனத்தில் அதைவிடப் பெரிய இடத்திலும் இருக்கும் அன்பு மச்சான் லட்சுமணனுக்கு, உன் மாமா சம்பந்தம் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்காள் பொன்னம்மாள், பிள்ளை ஜெகன், எல்லோரும் சௌக்கியம். அங்கே நீயும் தங்கச்சியும் குழந்தைகளும் அதே அளவுக்கு, முடிந்தால் ஒரு பிடி கூடவே, சௌக்கியமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். என் வாய்ஸ் மெசேஜை எல்லாம் நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று ஜெகன் போட்டுக்கொடுத்துவிட்டான். கடிதத்தை அப்படி ஓடவிட முடியாது. நிதானமாகப் படி. இது சுகாதாரக் கொள்கை மேனாம்பேட்டில் திசை திரும்பிய வரலாறு. திருப்பியவன் உன் மாமா.

உன் அக்காளுக்குச் சர்க்கரை இருப்பது உனக்குத் தெரியும். போன மாதம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அவள் துணி தைக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனியில் மிஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்தது உனக்குத் தெரியாது. பயந்துவிடுவாய் என்று சொல்லவில்லை. பயப்படாதே, இப்போது என்னைத் திட்டுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறாள். விஷயம் என்னவென்றால், நம் பக்கத்து அரசு சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் பிரஷரும் பார்ப்பது காலையில் மட்டும்தான். கம்பெனி கேட்டை மூடுவதும் அதே காலையில்தான். டோக்கன் வாங்கி, ரத்தம் கொடுத்து, மாத்திரை வாங்கி வெளியே வந்தால் ஒரு நாள் சம்பளம் காலி. அதனால் இவளும் இவளோடு தைக்கிற பெண்களும் இருக்கிற மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள், எனக்குத் தெரியாமலே. தெரிந்திருந்தால் விட்டிருப்பேனா? மயங்கி விழுந்த மறுநாள் லீவு போடவைத்து நானே கூட்டிக்கொண்டு போனேன். அங்கே டாக்டர் கிருஷ்ணப்பிரியா என்று ஒருவர். வயது ஜெகன் வயதுதான் இருக்கும், ஆனால் குரல் ஹெட்மாஸ்டர் குரல். “ஏம்மா ஒழுங்கா மாத்திரை போடல?” என்று கேட்டார். நாங்கள் விளக்கினோம். நாங்கள் என்றால், பெரும்பாலும் நான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் பேனாவைக் கீழே வைத்து எங்கள் பக்கம் பார்த்தார். “இதை என்கிட்ட மட்டும் சொன்னா போதாது. இந்த வருஷம் இங்க எதை மாத்தறதுன்னு நோயாளிங்களையும் ஊர் ஜனங்களையும் கேட்டுத்தான் முடிவு பண்ணணும்னு உத்தரவு வந்திருக்கு. குழுவுல நோயாளிங்க சார்பா ஒரு ஆள் வேணும். வர்றீங்களா?” என்றார். “தாராளமா” என்றேன் நான். அந்த நிமிடத்திலிருந்து நான் நோயாளிகள் தரப்பு உறுப்பினர். எனக்கு நோய் எதுவும் இல்லை என்பது ஒரு குறைதான். ஆனால் குழுவில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

பதவி வந்தால் முதல் காரியம் பேனர். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் போட்டமாதிரி என் படம், மேலே ‘மேனாம்பேட்டின் நாடித்துடிப்பே, வருக!’ என்று எழுத்து. ஜெகன் தலையில் கைவைத்துக்கொண்டான். “நைனா, இது எலெக்‌ஷன் இல்ல நைனா. உன்ன கருத்து கேக்கத்தான் கூப்ட்டாங்க” என்றான். “கருத்து கேக்கற ஆளு மூஞ்சி ஜனங்களுக்குத் தெரிய வேணாமாடா?” என்றேன். பேனர் ஒரு நாள் முழுக்க ஊரை ஆண்டது. மறுநாள் டாக்டரம்மா கழற்றிவிட்டார். என் புகழ் நோயாளிகளின் பிரஷரை ஏற்றிவிடக்கூடாதே என்ற நல்ல எண்ணம்தான்.

கூட்டத்தன்று, கம்பெனி லீவு நாள்தான், மேலிடத்திலிருந்து அசோக் என்று ஒரு அதிகாரி வந்தார். சுவரில் பெரிய சார்ட் ஒன்றை மாட்டினார். அதில் படத்தோடு மூன்று கட்டம். ஒன்று, சர்க்கரை-பிரஷர் பிரிவை மாலையிலும் திறப்பது. இரண்டு, காத்திருக்கிற கூடத்துக்குப் பெரிய டிவி. மூன்று, வாசலில் அலங்கார வளைவு. இந்த வருஷத்துக்கு ஒன்றுதான் முடியும், ஜனங்கள் எதைச் சொல்கிறார்களோ அது. பிறகு வட்ட வட்டமாகச் சிவப்பு ஸ்டிக்கர் இருந்த ஒரு டப்பாவை என் கையில் கொடுத்து, “வர்றவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுத்துடுங்க சார், மீதிய நான் உள்ள சொல்லிக்கறேன்” என்று டீ குடிக்கப் போய்விட்டார். மச்சான், நீயே சொல். நாலு பேர் கூடுகிற இடத்தில் வாசலில் என்ன இருக்க வேண்டும்? நான் வீட்டுக்கு ஓடி வரவேற்புத் தட்டை எடுத்து வந்தேன். சந்தனம், பன்னீர்ச் செம்பு, கிண்ணம் நிறையக் கற்கண்டு. நடுவில் அந்தச் சிவப்புப் பொட்டு. கவர்ன்மென்டு நம் பெண்களுக்குக் கொடுக்கிற மரியாதையைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது.

டாக்டரம்மா வெளியே வந்தவர் நின்றுவிட்டார். “சார், சுகர் பேஷண்டுங்களுக்குக் கல்கண்டா?”

“வந்தவங்கள வெறும் வாயோட உள்ள அனுப்பறதா மேடம்?”

கிண்ணத்தை அவரே தூக்கிக்கொண்டு போய்விட்டார். மற்றது அமோகமாக நடந்தது. பெண்கள் எல்லாம் சந்தனம் தொட்டு, பொட்டை வாங்கி, ஒருத்தி செல்போனில் இன்னொருத்தி முகம் பார்த்து நெற்றியில் ஒட்டிக்கொண்டார்கள். ஆண்களுக்குச் சட்டைப் பையில் நானே ஒட்டிவிட்டேன். தினமும் காலையில் வந்து ஃபேனுக்குக் கீழே பேப்பர் படித்துவிட்டு, அப்படியே பிரஷரும் பார்த்துக்கொள்கிற ரிட்டையர்டு கண்டக்டர் அய்யாசாமி தன் கூட்டாளிகளோடு வந்தார். அவர்கள் எல்லோரும் டிவி கட்சி.

“இன்னா சம்மந்தம், இது எதுக்கு?”

“பேட்ஜு அண்ணாத்தே. முக்கியஸ்தருங்களுக்கு.”

“அப்ப எனுக்கு ரெண்டா ஒட்டு.”

உன் அக்காளுக்குப் பக்கத்து மிஷினில் தைக்கிற ஜரினா, மாமியாரையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். “நாங்க பொட்டு வெக்கறதில்லணா. வேணாம்னா நீ மனசு கஸ்டப்படுவே, கையில குடு” என்று மூன்றையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கையில் ஸ்டிக்கர், எதிரில் சார்ட். மற்றவர்கள் செல்போனில் முகம் பார்த்த நேரத்தில் இவர்கள் மூவரும் சார்ட்டைப் படித்து, மாலைக் கட்டத்தில் ஒட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அசோக் சார் நன்றாகத்தான் பேசினார். கொள்கை மேலே உட்கார்ந்து எழுதுவதில்லை, வலிக்கிறவன் சொல்லி எழுதுவது என்று அவர் சொன்னபோது நான் எழுந்து கைதட்டினேன். கடைசியில், “இப்ப உங்க கையில இருக்கற ஸ்டிக்கர எது வேணுமோ அந்தக் கட்டத்துல வந்து ஒட்டுங்க, அதுதான் உங்க ஓட்டு” என்றார். ஓட்டு எல்லாம் நெற்றியில் இருந்தது. சில ஓட்டு கைக்குழந்தை கன்னத்தில் இருந்தது. அய்யாசாமி கள்ள ஓட்டோடு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவசர அவசரமாக உரித்து எடுத்துக்கொண்டு போய் ஒட்டினார்கள். சந்தனமும் பன்னீரும் வேர்வையும் பட்டது எங்கே ஒட்டும்? ஒட்ட ஒட்ட உதிர்ந்தது. தரையெல்லாம் சிவப்பு. கடைசியில் சார்ட்டில் நின்றது ஜரினா வீட்டு மூன்று ஓட்டு மட்டும். அசோக் சார் என்னைப் பார்த்த பார்வையை மட்டும் நான் எழுதப்போவதில்லை. “மூணு ஓட்ட வெச்சி முடிவு பண்ண முடியாது. இது செல்லாது. அடுத்த வருஷம் பாக்கலாம்” என்று சார்ட்டைக் கழற்றப் போனார்.

அப்போதுதான் மச்சான், நான் களத்தில் இறங்கினேன். உன் அக்காளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவ்வளவுதான். எழுந்தாள்.

“சார், அடுத்த வருசம்னு ஈசியா சொல்லிட்டீங்கோ. நானு மாத்திரய பாதியா ஒட்ச்சி துன்னுகினு கீறேன். அடுத்த வருசம் வரைக்கும் அந்தப் பாதிய இன்னும் எத்தினியா ஒடைக்கறது? மிசின் மேல வுயுந்தவ நானு. ஊசி கையில ஏறாம வுட்டது ஏதோ நல்ல நேரம்.”

அசோக் சார் கை சார்ட்டிலேயே நின்றது. ஜரினாவும் எழுந்தாள். “நாங்க படிச்சிப் பாத்துதான் ஒட்னோம் சார். மூணு பத்தாதுன்னா மீதி பேர கேளுங்க. பொட்டுதான உதுந்துச்சி, ஆளுங்க இங்கியேதான கீறாங்கோ?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “அசோக், அவங்க சொல்றதுதான் சரி. எல்லாரும் எந்திரிங்க. மாலைப் பிரிவு வேணுங்கறவங்க ஜன்னல் பக்கம், டிவி வேணும்னா கதவுப் பக்கம், வளைவு வேணும்னா நடுவுல” என்றார். நடுவில் யாரும் போகவில்லை. கம்பெனிப் பெண்கள் ஜன்னல் பக்கம். அய்யாசாமி படை கதவுப் பக்கம். பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். அந்தக் கிழவர்கள் தினமும் வருகிறவர்கள், ஒருத்தர்கூட மட்டம் போடவில்லை. அப்போது ஜன்னல் பக்கத்திலிருந்து அய்யாசாமியின் மருமகளே குரல் கொடுத்தாள்.

“மாமா, உங்களுக்கு காலைல வந்து பேப்பர் படிக்க நேரம் கீது. எனுக்கு பிரசர் பாக்க கீதா? டிவிதான் ஊட்லயே கீதே?”

“ஊட்ல டிவி கீதும்மா. ரிமோட்டு உன் கையிலல்ல கீது?”

கூடமே வெடித்துச் சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே, “சரி, ராத்திரி சீரியல் வரைக்கும் ரிமோட்டு உங்குளுது. இந்தாண்ட வாங்க” என்றாள்.

அய்யாசாமி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, மந்திரி கட்சி மாறுகிற தோரணையில் ஜன்னல் பக்கம் நடந்தார். பின்னாலேயே அவர் படை முழுக்க வந்தது. விசில் பறந்தது மச்சான், ஆஸ்பத்திரியில் விசில்! அசோக் சார் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். இப்போது வாரத்தில் இரண்டு நாள் மாலையிலும் சர்க்கரை-பிரஷர் பார்க்கிறார்கள். பெண்கள் ஷிப்ட் விட்டு நேராக வருகிறார்கள். உன் அக்காள் முழு மாத்திரை போடுகிறாள். போகும்போது அசோக் சார் என் கையைப் பிடித்து, “உங்கள மாதிரி ஆள நான் பாத்ததே இல்ல சார்” என்றார். ஜில்லா முழுக்க இனிமேல் சந்தனம் வைத்துத்தான் ஜனங்களிடம் கருத்துக் கேட்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. அந்தப் பேச்சை இப்போதைக்கு நான்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஊருக்கே வழி காட்டுகிற வேலை தலைமேல் இருப்பதால் இத்துடன் முடிக்கிறேன். நீயும் உன் குடும்பமும் நோய் அண்டாமல், அண்டினாலும் சாயங்காலத்தில் மட்டுமே அண்டி, நீடூழி வாழ என் ஆசிகள். தங்கச்சிக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒரு முத்தம், பெரியவனுக்குப் பிடிக்காவிட்டாலும்.

இப்படிக்கு,
உன் மாமா
மே. சம்பந்தம்,
நோயாளிகள் தரப்பு உறுப்பினர்.

பின்குறிப்பு: லட்சுமணா, அக்கா எழுதறேன். கவரு ஒட்றதுக்கு முன்ன படிச்சிட்டேன். கமிட்டில மெம்பரு நானு. டாக்டரம்மா என்னியப் பாத்துதான் வர்றீங்களான்னு கேட்டுது, பக்கத்துல நின்னுகினு இருந்த இவரு தாராளமான்னுட்டாரு. கண்ணெல்லாம் ஒண்ணும் காட்டல, உக்காருடின்னு பொடவயப் புடிச்சி இயுத்தாரு, தலப்பே கியிஞ்சிடிச்சி. அந்த ஆபிசரு இவர மாதிரி ஆளப் பாத்ததே இல்லன்னு சொன்னது மெய்தான், ஆனா சிரிச்சிகினு சொல்லல. ஒண்ணு மட்டும் இவரு எழுதவே இல்ல பாரு. சாயங்காலம் ஆஸ்பத்திரி தொறக்கறதுக்கு முன்னயே போயி, பொம்பளைங்க லைன்ல இவரு ஒத்த ஆம்பள, என் சீட்டு, ஜரினா சீட்டு, அய்யாசாமி மருமவ சீட்டு எல்லாத்தியும் கையில வெச்சிகினு டோக்கன் போட்டு நிக்கறாரு. நாங்க வேல வுட்டு வந்து சேர்ற வரைக்கும் நிக்கறாரு. யாரு கேட்டாலும் காத்து வாங்க வந்தேன்னு சொல்றாரு. நீ போன் பண்ணா இது உனுக்குத் தெரியும்னு காட்டிக்காத. சந்தனம் சூப்பர் மாமான்னு மட்டும் சொல்லு.